ஜெனோடோ ரிவ்யூ: கெணத்துத் தண்ணி கணக்க ஊருக்கே குடுத்தோம், பேரு யாருக்குப் போகுது?

ஆராய்ச்சிக்கு எடுத்த டேட்டாவ எல்லாரும் பாக்குற மாதிரி இலவசமா போட்டு வைக்கிறதுக்கும், அதுக்கு நெரந்தரமா டிஓஐன்னு ஒரு மாறாத அடையாள நம்பர் வாங்குறதுக்கும் ஜெனோடோன்னு ஒரு சர்வீஸ் இருக்குங்க. நாங்க கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துல கெணத்து நீர்மட்டமும் மழை அளவும் எடுத்து கொஞ்ச வருஷமா அதுலதான் போட்டுட்டு வர்றோம். தமிழ்ல இதப்பத்தி யாரும் உள்ள போயி எழுதி நான் பாக்கல, பொள்ளாச்சி பாலக்காடு காலேஜ் பசங்க வேற அடிக்கடி கேக்குறாங்க, அதனால இந்த ரிவ்யூ. முதல்லயே சொல்லிடறேன், 5க்கு 4 ஸ்டார். அந்த ஒரு ஸ்டார் எங்க கொறஞ்சதுன்னா பேரு போடுற எடத்துல, அதப் பின்னாடி விலாவாரியா சொல்றேன், இந்த ரிவ்யூவே அதுக்காகத்தான்.

மொதல்ல யார் நடத்துறாங்கன்னு பாத்துருவோம், இலவசம்னு சொன்னாலே நம்மாளுங்களுக்கு சந்தேகம் வந்துரும். ஜெனீவா பக்கத்துல துகள்கள மோத விட்டுப் பாக்குற செர்ன் இருக்குல்ல, அவங்கதான், கூட ஓப்பன்எயர்னு ஐரோப்பாவுல ஒரு திட்டம், ஐரோப்பிய கமிஷன் காசு. 2013 மே மாசம் ஆரம்பிச்சது. அலெக்ஸாண்ட்ரியா லைப்ரரில மொத லைப்ரரியனா இருந்த ஜெனோடோட்டஸ்ங்கறவர் பேரத்தான் சுருக்கி வச்சிருக்காங்க. ஒரு பதிவுக்கு 50 ஜிபி, 100 ஃபைல் வரைக்கும் காசே இல்ல. எங்க மொத்த சிஎஸ்வி (அட்டவணை) ஃபைலும் சேந்தா ஒரு கல்யாண வாட்ஸ்அப் வீடியோ சைஸு கூட வராது, அதனால எடம் எங்களுக்கு ஒரு பிரச்சனையே இல்ல. நீங்க ட்ரோன் படம், ஆடியோ ரெக்கார்டிங்னு வச்சிருந்தாலும் தாராளமா போதும்.

சரி, கூகுள் டிரைவ் லிங்க் இருக்கறப்ப இது எதுக்குன்னு கேப்பீங்க. டிரைவ் லிங்க் குடுத்தவரு காலேஜ விட்டுப் போனா மெயில் ஐடிய மூடிருவாங்க, லிங்க் செத்துரும், அப்பறம் அந்த டேட்டாவ வச்சு எழுதுன பேப்பர்ல இருக்கற முகவரிக்குப் போனா ஒண்ணும் இருக்காது. டிஓஐ அப்படியில்ல. ஜெனோடோ டிஓஐ எல்லாம் 10.5281ன்னு ஆரம்பிக்கும், 2009ல ஆரம்பிச்ச டேட்டாசைட்ங்கற அமைப்புல பதிவாகும். ஃபைல் எங்க மாறினாலும் நம்பர் மாறாது. ஏதோ காரணத்துக்காக ஃபைலயே எடுக்க வேண்டி வந்தாலும் இந்த டேட்டா இருந்துச்சு, இன்னாரு போட்டாங்கங்கற பக்கம் நிக்கும்.

ஆனா நம்பர் வாங்கிட்டா மட்டும் கிரெடிட் வந்துராது, இங்கதான் முக்கால்வாசிப் பேரு கோட்டை விடுறாங்க. உங்க டேட்டாவ எடுத்து எழுதறவங்க அந்த டிஓஐய பேப்பரோட ரெஃபரன்ஸ் லிஸ்ட்ல போடணும். மத்த கட்டுரைங்கள போடுற அதே லிஸ்ட்ல, அதே மரியாதையோட. கடைசில நன்றின்னு சொல்ற எடத்துல போட்டாலோ, நடுவுல ஒரு வரில டேட்டா ஜெனோடோவுல இருக்குன்னு எழுதி விட்டாலோ மனுஷன் படிச்சா புரியும், மெஷினு பெரும்பாலும் அதக் கண்டுக்காது. ஜர்னல்காரங்க ரெஃபரன்ஸ் லிஸ்ட்டத்தான் கட்டுரைங்களோட டிஓஐய பதிவு பண்ற கிராஸ்ரெஃப்ங்கற அமைப்புக்கு அனுப்புறாங்க, அதுல டிஓஐ இருந்தாத்தான் இந்த பேப்பர் இந்த டேட்டாவ பயன்படுத்தியிருக்குன்னு ரெண்டுக்கும் நடுவுல கோடு விழும். 2014லயே ஃபோர்ஸ்11ங்கற கூட்டமைப்பு டேட்டா சைட்டேஷனுக்குன்னு, அதாவது டேட்டாவ மேற்கோள் காட்டுறதுக்குன்னு, 8 கொள்கை போட்டாங்க, அதுல மொதலாவதே டேட்டாவுக்கும் கட்டுரைக்குக் குடுக்கற அதே முக்கியத்துவம் குடுக்கணும்ங்கறதுதான். நம்ம பக்கம் தீசிஸ்ல இன்னும் படத்துக்கு அடில மூலம்: கூகுள்னு போடுறாங்க, மேப்புக்கு மூலம்: இன்டர்நெட். வைவாவுல யாரும் கேக்கறதும் இல்ல.

இனி எங்க டேட்டா கதை. கேரளான்னா எப்பவும் மழைன்னு நெனைக்கிறவங்க ஒருக்கா எங்க ஊருக்கு வந்து பாக்கணும், பாலக்காட்டுக்கு கெழக்க, பனை மரமும் காஞ்ச மண்ணும்தான், கெணத்த எட்டிப் பாத்தா இருட்டுதான் தெரியும். ஆளியாறுல இருந்து வருஷத்துக்கு 7.25 டிஎம்சி மணக்கடவுல கேரளாவுக்கு விடணும்னு பரம்பிக்குளம் ஆளியாறு ஒப்பந்தம், அந்தத் தண்ணி மூலத்தறை வழியா வந்தாத்தான் சித்தூர் பக்கம் வயலு நடவு ஆகும். வருஷா வருஷம் இந்தப் பக்கம் ஒரு போராட்டம், அந்தப் பக்கம் ஒரு போராட்டம். ரெண்டு பக்கமும் நம்ம சனந்தான், பொண்ணு குடுத்து எடுத்தவங்கதான், ஆனா தண்ணின்னு வந்தா அவங்கவங்க நியாயம். இதுல எல்லாரும் சண்டை போடுறாங்களே ஒழிய கெணத்துல உண்மையில எவ்வளவு தண்ணி கெடக்குதுங்கற கணக்கு ஊர் அளவுல யாருகிட்டயும் சரியா இல்ல. அதத்தான் எடுத்தோம். எடுத்தவங்க விவசாயிங்க. தெனமும் காலைல 8.30க்கு மழைமானி பாக்கணும், வானிலைத் துறை கணக்கும் அந்த நேரந்தான், அப்பத்தான் ஒப்பிட முடியும். பால் ஊத்திட்டு வந்து, மாட்டுக்குத் தீவனம் வச்சுட்டு, நோட்டு எடுத்து எழுதி வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்புவாங்க. கல்யாணத்துக்குப் போனா பேரன்கிட்ட சொல்லிட்டுப் போவாங்க.

மொத வெர்ஷன ஏத்திட்டு லேப்டாப்ல காமிச்சப்ப ஒரு பெரியப்பா கண்ணாடிய ஏத்தி விட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. ஏங்கண்ணு, இதுல எம் பேரு எங்கன்னு கேட்டாரு. இருக்குதுங் பெரியப்பா, கீழ பாருங்கன்னு ஸ்க்ரோல் பண்ணிக் காமிச்சேன். மேல இருக்கறது யாருதுன்னாரு. அது எழுதுனவங்க பேருங்னேன். அளந்தது நாங்கதானேன்னு கேட்டாரு பாருங்க, அதுக்கு என்ன பதில் சொல்றது.

ஜெனோடோவுல ரெண்டு பெட்டி இருக்கு. ஒண்ணு கிரியேட்டர்ஸ், இன்னொண்ணு கான்ட்ரிப்யூட்டர்ஸ். கான்ட்ரிப்யூட்டர்ல ஒவ்வொருத்தருக்கும் என்ன வேலைன்னு தேர்ந்தெடுக்கலாம், டேட்டா கலெக்டர், டேட்டா கியூரேட்டர், புராஜெக்ட் மேனேஜர்னு நெறைய இருக்கு. பாக்க அழகா இருக்கும், அளந்தவங்கள எல்லாம் டேட்டா கலெக்டர்னு போட்டா நியாயமாத்தான் தெரியும். ஆனா சைட்டேஷன்னு ஒரு பெட்டி பக்கத்துல தானா வரும் பாருங்க, ஏபிஏ, ஐஇஇஇ, வான்கூவர்னு எந்த ஸ்டைல் வேணாலும் மாத்தி காப்பி பண்ணிக்கலாம், அதுல வர்றது கிரியேட்டர் பேரு மட்டுந்தான். கான்ட்ரிப்யூட்டர் பேரு எந்த ஸ்டைல்லயும் வராது. உலகத்துல எவன் காப்பி பண்ணி ஒட்டினாலும் மேல இருக்கற ஆளுங்க பேருதான் போகும், எட்டரை மணிக்கு மழைல நின்னு அளந்தவரு பேரு அந்தப் பக்கத்தோட நின்னு போகும். இது ஜெனோடோ குத்தம் மட்டும் இல்ல, டேட்டாசைட் பரிந்துரைக்கிற அமைப்பே அப்படித்தான், உருவாக்குனவங்க, வருஷம், தலைப்பு, வெர்ஷன், வெளியிட்டவங்க, டிஓஐ, அவ்வளவுதான். ஃபோர்ஸ்11 கொள்கைல டேட்டாவுக்குப் பங்களிச்ச எல்லாருக்கும் கிரெடிட் போகணும்னுதான் எழுதியிருக்காங்க, எல்லா டேட்டாவுக்கும் ஒரே முறை ஒத்து வராதுன்னும் எழுதியிருக்காங்க, ஆனா ஃபார்ம்ல வந்து பாத்தா மேல ஒரு பெட்டி கீழ ஒரு பெட்டி. அந்த ஒரு ஸ்டார் போனது இங்கதான்.

நாங்க என்ன பண்ணோம்னா அடுத்த வெர்ஷன்ல விடாம அளந்தவங்க எல்லாரையும் கிரியேட்டரா மேல ஏத்திட்டோம். லிஸ்ட் நீளமாயிருச்சு, ஏபிஏ ஸ்டைல்ல பாத்தா கல்யாணப் பத்திரிகைல நல்வரவை விரும்பும்னு போட்ட மாதிரி இருக்கு, இருக்கட்டுமே. எங்க காலேஜ் சார் ஒருத்தரு இது ஆராய்ச்சி மரபு இல்லப்பான்னு சொன்னாரு, பரிசோதனைக் கூடத்துல ரீடிங் எடுத்த ஸ்காலர் பேரு மொதல்ல வர்றது மரபுன்னா வயக்காட்டுல எடுத்தவருக்கும் அதே மரபுதானேங் சார்னு கேட்டேன், சிரிச்சுட்டு விட்டுட்டாரு. ஆளு நூத்துக்கணக்குல இருந்தா இது முடியாதுங்கறதும் உண்மைதான். அப்ப ஒரு குழுப் பேரு வச்சு கிரியேட்டர்ல ஆர்கனைசேஷன்னு போடலாம், தனித்தனிப் பேர கான்ட்ரிப்யூட்டர்லயும், கூட ஒரு தனி ஃபைலாவும் வைக்கலாம். கேரளா பறவை அட்லஸ் 2015ல இருந்து 2020 வரைக்கும் நடந்துச்சே, ஆயிரத்துக்கும் மேல தன்னார்வலருங்க மாநிலம் முழுக்க சுத்தி எடுத்த கணக்கு அது, அவ்வளவு பேரையும் ஒரு ரெஃபரன்ஸ் வரிக்குள்ள எப்படி அடக்குவீங்க.

அடுத்தது பேர டைப் பண்றது. தமிழாளுங்களுக்கு இதுல ஒரு கூத்து இருக்கு. ஜெனோடோ ஃபார்ம்ல ஃபேமிலி நேம் கட்டாயம், கிவன் நேம் தனி. நமக்கு ஏது ஃபேமிலி நேம்? உதாரணத்துக்கு ஆ. மாரப்பன்னு ஒருத்தரு, அப்பா பேரு ஆறுமுகம்னு வச்சுக்குவோம். இனிஷியல விரிச்சு ஃபேமிலி நேம்ல ஆறுமுகம்னு போட்டீங்கன்னா சைட்டேஷன்ல ஆறுமுகம், மா.ன்னு வந்து நிக்கும். மழைமானியவே பாக்காத மனுஷன் உலகம் பூரா சைட் ஆவாரு, மகன் ஒத்தை எழுத்தா சுருங்கிருவாரு. அதனால சொந்தப் பேர ஃபேமிலி நேம்லயும் இனிஷியல கிவன் நேம்லயும் போடுங்க, மாரப்பன், ஆ.ன்னு சரியா வரும். எங்க பார்டர்ல இது இன்னும் சிக்கல், கேரளா சர்டிஃபிகேட்ல பல பேருக்கு இனிஷியல் பின்னாடி, பொள்ளாச்சில போயி காலேஜ் சேந்தா முன்னாடி, ஆதார்ல அப்பா பேரு முழுசா, ஸ்பெல்லிங் மூணு விதம். ஒரே ஆளு மூணு ஆளா ஆயிருவாரு. இதுக்கு மருந்து ஆர்கிட் ஐடி. ஆராய்ச்சி பண்றவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணுன்னு குடுக்கற 16 இலக்க நம்பர், இலவசம், 2012ல இருந்து இருக்கு, அதுல ஃபேமிலி நேம் கட்டாயம் இல்ல, பேரு ஒண்ணு போதும், வேற எழுத்துல இருக்கற பேரையும் சேத்து வச்சுக்கலாம். ஜெனோடோவுக்கு ஆர்கிட் வழியாவே லாகின் பண்ணலாம், பேரு எப்படி எழுதினாலும் நம்பரு ஆளப் புடிச்சுக்கும். விவசாயிங்களுக்கும் எடுத்துக் குடுத்தோம், மெயில் ஐடி இல்லாதவங்களுக்கு மெயில் ஐடி போடுறதுதான் பெரிய சோலியாப் போச்சு.

வெர்ஷன் விஷயம் ரொம்ப நல்லா செஞ்சிருக்காங்க. ஒவ்வொரு வெர்ஷனுக்கும் தனி டிஓஐ, எல்லா வெர்ஷனுக்கும் பொதுவா ஒரு டிஓஐ, பொதுவானத அமுக்கினா எப்பவும் கடைசி வெர்ஷனுக்குப் போகும். வெளியிட்டதுக்கப்பறம் தலைப்பு, விளக்கம், பேரு எல்லாம் திருத்தலாம், ஃபைல மாத்தணும்னா பெரும்பாலும் புது வெர்ஷன்தான். இது கண்டிப்பு மாதிரி தெரியும், ஆனா இதனாலதான் நம்பகம். நீங்க அடுத்தவங்க டேட்டாவ எடுத்து வேலை செஞ்சீங்கன்னா எந்த வெர்ஷன எடுத்தீங்களோ அந்த டிஓஐயத்தான் போடணும், அப்பத்தான் நாளைக்கு ஒருத்தன் உங்க கணக்க போட்டுப் பாக்க முடியும். பொதுவானத போட்டா அவன் வேற ஃபைல எடுத்துட்டு உங்க கணக்கு தப்புன்னுவான். பேப்பர் அனுப்புறதுக்கு முன்னாடியே டிஓஐய ரிசர்வ் பண்ணி வைக்கிற வசதியும் இருக்கு. பழகிப் பாக்கணும்னா சாண்ட்பாக்ஸ்னு தனி தளம் இருக்கு, அதுல எத வேணாலும் போட்டு விளையாடலாம்.

லைசென்ஸ் பெட்டில கிரியேட்டிவ் காமன்ஸ்ங்கற பொது உரிமத்துல சிசி பை 4.0 போடலாம், சிசி ஜீரோ போடலாம். சிசி பை-ன்னா எடுத்துக்கோ, எம் பேரச் சொல்லு. சிசி ஜீரோன்னா எடுத்துக்கோ, சட்டப்படி ஒண்ணும் கேக்க மாட்டேன். நாங்க சிசி பை. ஆனா அதையே நம்பிட்டு இருக்க முடியாது, இன்னைக்கு 12 மில்லிமீட்டர் மழைங்கறது ஒரு தகவல், தகவலுக்கு காப்பிரைட் கேக்க முடியாது, நீங்க தொகுத்து அடுக்கின விதத்துக்கு வேணா கேக்கலாம். கோர்ட்டுக்குப் போற சமாச்சாரம் இல்ல இது, ஆராய்ச்சி உலகத்து மரியாதை.

அந்த மரியாதை எவ்வளவு இருக்குன்னும் பாத்துட்டோம். ஒரு நாள் ஒரு பேப்பர் கைக்கு வந்துச்சு, யாரு எந்த ஊருன்னு சொல்லல, அதுல ஒரு கிராஃப். பாத்த உடனே தெரிஞ்சுது, ஒரு கெணத்துல மோட்டார் ரிப்பேராகி நீர்மட்டம் திடீர்னு ஏறுன மாசம் ஒண்ணு உண்டு, அந்த ஏத்தம் அப்படியே அதுல நிக்குது. அவங்க அதுக்கு நிலத்தடி நீர் செறிவுன்னு விளக்கம் வேற குடுத்திருந்தாங்க! எங்க விளக்க ஃபைல்ல தெளிவா மோட்டார் ஓடலன்னு எழுதியிருக்கோம், டேட்டாவ எடுத்தவங்க அத தொறந்து கூடப் பாக்கல. ரெஃபரன்ஸ்ல எங்க டிஓஐ இல்ல, கடைசில உள்ளூர் விவசாயிகளுக்கு நன்றின்னு ஒரு வரி. மெயில் போட்டோம், கோவமா இல்ல, காப்பி பண்ணி ஒட்டுற மாதிரி ரெடியா சைட்டேஷனும் வச்சு. நன்றிதான் சொல்லியிருக்கோமேன்னு பதில் வந்துச்சு. அப்பறம் எடிட்டருக்கு எழுதினோம், சிசி பை விதிப்படி தப்பத் தெரிஞ்ச 30 நாளுக்குள்ள சரி பண்ணிட்டா டேட்டாவ பயன்படுத்தற உரிமை அவங்களுக்கு தானா திரும்ப வந்துரும்னும் சொன்னோம், பல மாசம் கழிச்சு திருத்தம்னு ஒரு பக்கம் வெளியிட்டாங்க. ஆனா அது தனிப் பக்கம், முன்னாடியே டவுன்லோட் ஆகி சுத்திட்டு இருக்கற பிடிஎஃப்ல எங்க பேரும் இல்ல, மோட்டாரும் இல்ல.

இதே மாதிரி டேட்டா போடுற மத்த சர்வீஸையும் ரெண்டு வார்த்தை சொல்லிடறேன். ஃபிக்ஷேர் நல்லாத்தான் இருக்கு, இலவசக் கணக்குக்கு எடம் கம்மி. டிரையாட்ல ஆளுங்க உங்க டேட்டாவ சரி பாத்துத்தான் போடுவாங்க, அதுக்குக் கட்டணம் உண்டு. பறவை, செடி, பூச்சி கணக்குன்னா ஜெனோடோவ விட உயிரினக் கணக்குக்குன்னே இருக்கற ஜிபிஐஎஃப்தான் என் ஓட்டு, 2001ல இருந்து இருக்கு, கோபன்ஹேகன்ல ஆபீஸு. அதுல ஒரு அருமையான ஏற்பாடு என்னன்னா நீங்க ஃபில்டர் போட்டு டவுன்லோட் பண்ற ஒவ்வொரு தடவையும் அந்த டவுன்லோடுக்கே ஒரு டிஓஐ வரும், நீங்க அத மட்டும் சைட் பண்ணா போதும், அதுக்குள்ள இருக்கற அத்தனை டேட்டாசெட்டுக்கும் கணக்கு பிரிஞ்சு போயிரும். ஜெனோடோவுல இந்த மாதிரி எதுவும் கெடையாது, பத்து பேரு டேட்டாவ சேத்தா பத்தையும் நீங்கதான் எழுதணும். அரசாங்க டேட்டான்னா யாரும் பேரு போட வேண்டாம்னு ஒரு நெனப்பு இருக்கு, அதுவும் தப்பு. 2017ல வந்த இந்திய அரசோட திறந்த தரவு உரிமத்துல குடுத்தவங்க யாரு, எங்க எடுத்தது, என்ன உரிமம்னு டிஓஐயோ லிங்க்கோ வச்சு வெளிப்படையா சொல்லணும்னே போட்டிருக்கு.

கொறைங்க இன்னும் இருக்கு. வியூஸ், டவுன்லோட்ஸ் எண்ணிக்கை பக்கத்துலயே காட்டும், அதப் பாத்து பூரிச்சுப் போயிராதீங்க, டவுன்லோட் பண்ணவங்க எல்லாம் பயன்படுத்தறதும் இல்ல, பயன்படுத்தறவங்க எல்லாம் பேரு போடறதும் இல்ல. சைட்டேஷன்ஸ்ங்கற பகுதில டிஓஐ வழியா கோடு விழுந்தது மட்டுந்தான் வரும், தமிழ்லயோ மலையாளத்துலயோ வர்ற புஸ்தகத்துல எழுதினா அங்க எதிர்பாக்காதீங்க. இதெல்லாம் கஷ்டப்பட்டு செஞ்சும் வேலைக்குப் போறப்ப யூஜிசி 2018 விதில பாயிண்ட் போடுற பட்டியல்ல கட்டுரைக்கு வரி இருக்கு, புஸ்தகத்துக்கு இருக்கு, பேடன்ட்டுக்கு இருக்கு, டேட்டாசெட்டுக்குன்னு தனி வரி கெடையாது. அதனால டேட்டாவ போட்டுட்டு அதப்பத்தியே ஒரு சின்ன கட்டுரையும் எழுதிருங்கன்னு சொல்றாங்க. அப்படி எழுதினா சைட் பண்றவங்க கட்டுரைய மட்டும் சைட் பண்ணிட்டு டேட்டாவ விட்டுருவாங்க, கட்டுரைல பெரியப்பா பேரு இருக்கணும்னு நீங்க மறுபடியும் ஒருக்கா சண்டை போடணும்.

ஏத்துறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு, கெணறு யாரு தோட்டத்துல இருக்குன்னு துல்லியமா லொகேஷன் போட்டுராதீங்க, போர் போடுறவங்களும் நெலம் வாங்குறவங்களும் கூட டவுன்லோட் பண்ணுவாங்க. நாங்க வார்டு அளவுல மட்டும் குடுத்திருக்கோம், துல்லியமான ஃபைல தனிப் பதிவா ரெஸ்ட்ரிக்டட்னு போட்டு வச்சிருக்கோம், கேட்டு அனுப்புனா பாத்து குடுப்போம், அதுக்கும் டிஓஐ உண்டு. ஃபார்ம மொபைல்ல நெரப்பப் பாக்காதீங்க, கிரியேட்டர் வரிசைய மாத்துறதுக்குள்ள உசுரு போயிரும், கம்ப்யூட்டர்லயே பண்ணுங்க. வேலந்தாவளம் பக்கம் நெட்டு ராத்திரி பத்து மணிக்கு மேலதான் ஒழுங்கா வருது, அதையும் பாத்துக்குங்க.